கார்டு இல்லாத கேமிங் சிஸ்டம்: 5,350 ரூபாயும் 23 நாளும் போன வழி

2024 ஜூனில் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, அவனுக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. கையில் 30,000 ரூபாய். பழைய 22 இன்ச் மானிட்டரும் கீபோர்டும் வீட்டிலேயே கிடந்தன. படிப்புக்கு ஆட்டோகேட் ஓடணும், அவன் ஆசைக்கு வலோரன்டும் ஜிடிஏ 5-உம் ஓடணும். இந்தப் பணத்தில் புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை, ப்ராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், ஆனால் வாங்கிய விதத்தில் ஒவ்வொரு படியிலும் தவறு நடந்தது. கடைசியில் 5,350 ரூபாயும் 23 நாளும் வீணாகிப் போயின. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் இதே பட்ஜெட்டோடு கடையேறப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் அடி ஒரே ஒரு எழுத்தால் விழுந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் "கேமிங்குக்கு நல்ல ப்ராசஸர்" என்று கேட்டேன். இன்டெல் ஐ3-12100எஃப் எடுத்து வைத்தார்கள், 8,200 ரூபாய். எச்610 மதர்போர்டு 6,400. 8 ஜிபி ரேம் ஒன்று 1,800. வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, போர்டில் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". இரண்டு ராத்திரி அதோடு போராடினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன், கேபிள் மாற்றினேன், டிவியில் இணைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் ப்ராசஸர் டப்பாவின் பக்கவாட்டைப் படித்தேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவை என்று பொடி எழுத்தில் அதிலேயே அச்சடித்திருக்கிறது. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருப்பது ஏமாற்றிவிடும். அந்தப் போர்ட்டுக்கு உயிர் ப்ராசஸரிலிருந்துதான் வரணும். கடைக்குப் போனேன். "பாக்ஸ் பிரிச்சாச்சுல்லா அண்ணே, இனி கம்பெனி எடுக்காது. சின்னதா ஒரு கார்டு போட்டா தீந்துச்சு" என்றார்கள்.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி ப்ராசஸர்களில் கணக்கு நேர் எதிர். ஏஎம்4 சாக்கெட்டில் (சாக்கெட் என்பது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) எண்ணுக்குப் பின்னால் ஜி இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு: 3200ஜி, 4600ஜி, 5600ஜி, 5700ஜி, 2024 தொடக்கத்தில் வந்த 5600ஜிடி. வெறும் 4500, 5500, 5600 என்றால் கிடையாது. 5500 என்பது 5600ஜியின் அதே சில்லுதான், கிராஃபிக்ஸ் பகுதியை மட்டும் முடக்கி விற்கிறார்கள். விலை குறைவு என்று அதை எடுத்தால் எனக்கு வந்த அதே கறுப்புத் திரைதான் வரும். ஏஎம்5 சாக்கெட்டில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. 7600-க்குள் கிராஃபிக்ஸ் உண்டு, ஆனால் இரண்டே கிராஃபிக்ஸ் கோர். டெஸ்க்டாப்பும் யூட்யூபும் காட்டுவதற்கு அது போதும், கேமுக்கு ஆகாது. 8500ஜியில் 4, 8600ஜியில் 8, 8700ஜியில் 12. எல்லாவற்றின் டப்பாவிலும் "ரேடியான் கிராஃபிக்ஸ்" என்றுதான் இருக்கும், அதனால் இந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கணும். எஃப் இல்லாத ஐ3-12100, ஐ5-12400 இரண்டிலும் இருப்பது யுஎச்டி 730. அது 5600ஜிக்குள் இருக்கிற வேகா 7 கிராஃபிக்ஸில் ஏறக்குறைய பாதி வேகம்தான் தரும். ஆபீஸ் வேலைக்கு நல்ல ப்ராசஸர்கள் அவை, கேமுக்காக எடுக்க வேண்டாம்.

"சின்ன கார்டு" என்று கடையில் சொன்னதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஜிடி 710, ஜிடி 730 இரண்டையும் இன்னும் விற்கிறார்கள். இரண்டுமே 5600ஜிக்குள் இருக்கிற கிராஃபிக்ஸை விட மெதுவானவை. ஜிடி 1030 கொஞ்சம் தேவலாம், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபிதான். டப்பா இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். நல்ல வகையே கிடைத்தாலும் வேகா 7-க்கு மேலே பெரிதாக ஒன்றும் வராது, எனவே இவற்றில் எதற்கும் பணம் போடாதீர்கள்.

நான் ப்ராசஸரையும் போர்டையும் விற்றேன். 8,200-க்கு வாங்கியது 5,900-க்கும், 6,400-க்கு வாங்கியது 4,700-க்கும் போயின. 4,000 ரூபாய் நஷ்டம். 10,900-க்கு புது 5600ஜியும், நஷ்டத்தை ஈடுகட்ட 3,800-க்கு பழைய பி450 போர்டும் வாங்கினேன். மாட்டினால் மறுபடியும் கறுப்புத் திரை. இந்தத் தடவை காரணம் பயாஸ், அதாவது சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற, போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை, 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். போர்டில் பழைய பயாஸ் இருந்தால் புது ப்ராசஸரை அதற்கு அடையாளமே தெரியாது. ஏஎம்டியின் பழைய ரைசன் ப்ராசஸர் ஒன்று கையில் வைத்திருந்த சர்வீஸ் கடைக்காரர் அதை மாட்டி பயாஸ் ஏற்றிக் கொடுத்தார், 300 ரூபாய். நீங்கள் வாங்கும்போது போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, 5600ஜிக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். விற்பவரிடம் சிஸ்டத்தை ஆன் செய்து பயாஸ் திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிப்பு எண் அந்தத் திரையிலேயே இருக்கும். புதுப் போர்டு என்றால் டப்பாவில் "ரைசன் 5000 ரெடி" ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. 5000 வரிசையின் முதல் ப்ராசஸர்கள் 2020 கடைசியிலேயே வந்துவிட்டன. ஜி வகைக்கு வேண்டிய பயாஸ் அதற்குப் பிந்தியது. ப்ராசஸர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் சில போர்டுகளில் உண்டு. பழைய போர்டு வாங்குவதாக இருந்தால் அந்த வசதி உள்ளதைத் தேடுங்கள்.

ஒருவழியாக படம் வந்தது, விண்டோஸும் ஏறியது. ஜிடிஏ 5-ஐத் திறந்தால் 1080பி, எல்லா செட்டிங்கும் நார்மலில், 32-லிருந்து 36 எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை). காரைத் திருப்பும்போதெல்லாம் திரை அப்படியே நின்று நின்று வந்தது. அவன் முகம் வாடிப் போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு செலவழித்தும் ஏமாற்றிவிட்டேனே என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள்தான் காரணம் பிடிபட்டது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் அடுத்ததைப் படியுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கென்றே மெமரி இருக்கும். ப்ராசஸருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, நீங்கள் மாட்டும் ரேம்தான் அதற்கும் சோறு. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் அதையே பங்கு போட்டுக்கொள்ளணும். இரண்டு ரேம் போட்டால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையும், அதாவது இரண்டு சேனலும் திறந்து 51.2 ஜிபி ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்எக்ஸ் 6600 கார்டின் சொந்த மெமரி 224 ஜிபி கடத்தும். அதாவது ஒற்றை ரேம் போட்ட 5600ஜி, பாதிக் குழாயை அடைத்துவிட்டு ஓட்டுகிற மோட்டார் மாதிரி. 16 ஜிபி ஒற்றையாகப் போடுவதைவிட 8 ஜிபி இரண்டாகப் போடுவதுதான் இங்கே சரி. "இப்போ ஒண்ணு போடுங்க, பிறகு ஒண்ணு சேத்துக்கலாம்" என்று கடையில் சொன்னால், கார்டு போடுகிறவருக்கு அது பரவாயில்லாத யோசனை. கார்டு இல்லாதவர் அதை ஏற்கவே கூடாது. எங்கள் சிஸ்டத்தில் இரண்டாவது ரேம் சேர்ந்ததும், வேறு எதையும் தொடாமல், அதே ஜிடிஏ 5 அதே செட்டிங்கில் 54-லிருந்து 60 வரை போனது. வலோரன்ட் லோ செட்டிங்கில் 85 பக்கம் நின்றது 135-ஐத் தாண்டியது.

அந்த இரண்டாவது ரேமிலும் ஒரு இடறல் இருந்தது. முதலாவது 3200. இரண்டாவதை அவசரத்தில் 1,750 கொடுத்து வேறு கம்பெனியில், பில்லில் 2666 என்று போட்டிருந்ததைக் கவனிக்காமல் வாங்கிவிட்டேன். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் எழுதியிருக்கிற முழு வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) ஆன் செய்து சேமித்ததும் சிஸ்டம் எழும்பவே இல்லை. இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கி, போர்டில் இருக்கிற வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வைத்துத் திரும்ப மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். எக்ஸ்எம்பி இல்லாமல் இரண்டும் 2666-இல் ஓடின, ஆனால் கிராஃபிக்ஸுக்குக் கிடைக்க வேண்டிய வேகத்தில் ஆறில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்ததில் 1,200 கிடைத்தது, 550 நஷ்டம். முதல் ரேமின் அதே கம்பெனி, அதே மாடல் எண் உள்ளதை 1,900-க்கு வாங்கிப் போட்ட பிறகுதான் 3200 நின்றது. ஒரே டப்பாவில் ஜோடியாக வரும் கிட் கிடைத்தால் அதுவே உத்தமம்.

ரேம் மாட்டியதும் மூன்று விஷயம் பார்க்கணும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்து, இரண்டு வாங்கியும் பலனில்லாமல் போகும். அடுத்து, 3200 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்பதை ஆன் செய்யாவிட்டால் ரேம் 2400-இலோ 2666-இலோதான் ஓடலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகமும், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்பதும் தெரியும். மூன்றாவது யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர். கிராஃபிக்ஸுக்கென்று ரேமிலிருந்து எவ்வளவு ஒதுக்குவது என்பது அது. மொத்தம் 16 ஜிபி இருந்தால் 2 ஜிபி வைக்கலாம். 8 ஜிபியே மொத்தம் என்றால் 2 ஜிபி ஒதுக்கியதும் விண்டோஸுக்கு 6 ஜிபிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும், பிறகு குரோமும் டிஸ்கார்டும் திறந்து வைத்து கேம் ஆட முடியாது. 4 ஜிபி ஒதுக்கினால் எஃப்பிஎஸ் ஏறும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. தேவைப்பட்டால் மீதி ரேமிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்.

வலோரன்ட் ஆடுகிறவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பயாஸில் ஏஎம்டியின் டிபிஎம் ஆன எஃப்டிபிஎம்-ஐ ஆன் செய்து, பழைய முறையில் பூட் செய்ய வைக்கிற சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்யணும். ஆனால் பழைய டிஸ்க்கில் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் விண்டோஸ் இருந்தால், சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்த உடனே அது பூட் ஆகாது. முதலில் விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றிவிட்டு, பிறகு பயாஸில் கை வையுங்கள். மொபைல் கேம்களை எமுலேட்டரில் ஆட, பயாஸில் எஸ்விஎம் (வர்ச்சுவலைசேஷன் வசதி) ஆன் ஆகியிருக்கணும். எந்தக் கேமிலும் முதலில் குறைக்க வேண்டியது நிழல், அடுத்து ரெசல்யூஷன் ஸ்கேல். 1080பியில் திணறினால் 1600x900 போதும், 22 இன்ச்சில் பெரிய வித்தியாசம் தெரியாது. எஃப்பிஎஸ்-ஐ 60-இல் கட்டி வைத்தால் ஏறி இறங்காமல் ஆட்டம் சீராக இருக்கும், சூடும் குறையும். புதிதாக வருகிற பெரிய கேம்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம். மெஷ் ஷேடர் என்ற புது கிராஃபிக்ஸ் நுட்பம் கேட்கிற கேம்களுக்கு வேகாவில் அந்த வசதியே கிடையாது. 2023 கடைசியிலேயே ஏஎம்டி வேகாவுக்கான டிரைவரைத் தனியாகப் பிரித்து அவசியத் திருத்தங்களோடு நிறுத்திக்கொண்டது.

"இப்போ இது, அடுத்த வருஷம் கார்டு" என்பதுதான் எல்லோருடைய திட்டமும். என் திட்டமும் அதுதான். அதற்கும் வாங்கும்போதே கணக்குப் பார்க்கணும். 5600ஜியில் கார்டோடு பேசுகிற பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-தான், ப்ராசஸருக்குள் இருக்கிற வேக மெமரியான எல்3 கேஷ் 16 எம்பி. ஜி இல்லாத 5600-இல் 4.0, கேஷ் 32 எம்பி. பிறகு கார்டு போட்டால் இரண்டாவதுதான் முந்தும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி கார்டுகள் அந்தப் பாதையின் நான்கு லேனில் (தடத்தில்) மட்டுமே ஓடுபவை. அவற்றை 3.0-இல் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு விழும். எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒன்றுதான் 5600ஜிக்குப் பொருத்தம். சிஸ்டத்துக்கு மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ஐயும் இப்போதே யோசியுங்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தருகிற எஸ்எம்பிஎஸ்-இல் கார்டுக்கான 8 பின் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. நான் 2,600-க்கு 450 வாட் தனியாக வாங்கினேன்.

மொத்தக் கணக்கு இது. ப்ராசஸர் 10,900, போர்டு 3,800, ரேம் இரண்டும் 3,700, 500 ஜிபி எஸ்எஸ்டி 2,900, எஸ்எம்பிஎஸ் 2,600, கேபினெட் 1,900. ஆக 25,800. வீணானது: மறுவிற்பனையில் 4,000, ரேமில் 550, பயாஸுக்கு 300, கடை கடையாக அலைந்த பஸ் செலவு 500. இரண்டும் சேர்ந்தால் 31,150. இப்போது யோசித்தால் மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. 12100எஃப்-ஐயும் எச்610 போர்டையும் விற்காமல், பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு ஒன்றை 6,000 பக்கம் வாங்கிப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட இதே பணம்தான் ஆகியிருக்கும், கேமில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். எஸ்எம்பிஎஸ் மட்டும் 500 வாட் எடுத்திருக்கணும், அந்தக் கார்டு தனியாகவே 185 வாட் இழுக்கும். எனவே எஃப் ப்ராசஸர் தெரியாமல் கைக்கு வந்துவிட்டவர்கள் என்னைப் போல் அவசரப்பட்டு விற்காதீர்கள். பழைய கார்டு எடுக்கும்போது பெயரில் 2048எஸ்பி என்று இருந்தால் அது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் கேம் ஓட விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம்ம ஊருக்கென்று சில விஷயங்கள். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய சிஸ்டம் திடீரென்று படம் காட்டாமல் நின்றால், முதலில் ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகும். ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடியின்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் லேன் கேபிளையும் உருவிவிடணும். கேபிள் வழி வந்த மின்னலில் போர்டு போன வீடுகள் நம் பக்கம் நிறைய. கரண்டு விஷயத்தில் இந்த வகை சிஸ்டத்துக்கு ஒரு உண்மையான நன்மை உண்டு. கார்டு இல்லாததால் கேம் ஓடும்போதும் மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும், சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாராளமாகத் தாங்கும். டப்பாவோடு வருகிற கூலரே போதும். 5600ஜியின் வரம்பு 95 டிகிரி, எங்கள் வீட்டில் ஏப்ரல் வெயிலிலும் 80-ஐ ஒட்டித்தான் நின்றது.

விலை நிலவரம் அப்போதைக்கு இப்போது ரொம்பவே மாறிவிட்டது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், நான் மேலே சொன்ன 3,700 ரூபாய்க்கு இரண்டு ரேம் என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். இந்த வகை சிஸ்டத்துக்கு இரண்டு ரேம் கட்டாயம், அதனால் ரேம் ஏறினால் இதன் மலிவும் கரைந்துவிடும். வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் ஜோடியாக இருக்கிறது என்றால் 5600ஜி இன்னும் நல்ல வழி. இல்லை என்றால், ரேமையும் சேர்த்து ஒரு விலை, பழைய கார்டுள்ள சிஸ்டத்துக்கு ஒரு விலை என்று இரண்டையும் எழுதி வைத்துப் பாருங்கள். டிடிஆர்5-க்கும் 8600ஜிக்கும் போகிறவர்களிடம் "டிடிஆர்5-ல ஒரு ஸ்டிக்கே டூயல் சேனலாக்கும்" என்று கடையில் சொல்வார்கள். ஒரு டிடிஆர்5 ரேமுக்குள் 32 பிட்டாக இரண்டு பிரிவு இருப்பது உண்மை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் அதே 64 பிட்தான், பழைய ஒற்றை ரேமின் அகலம். 6000 வேகத்தில் ஒன்று போட்டால் 48 ஜிபி, இரண்டு போட்டால் 96. அங்கேயும் இரண்டாகத்தான் வாங்கணும்.

அவன் சிஸ்டத்தில் கார்டு ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்-இன் 8 பின் கேபிளை டேக் போட்டு கேபினெட் ஓரத்தில் கட்டி வைத்திருக்கிறேன். பில்லும் மிச்ச வாரன்டியும் உள்ள பழைய ஆர்எக்ஸ் 6600 ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தால் எடுப்பதாக இருக்கிறோம்.